மழைநீர்த் தாங்கியில் வெடிப்பு வராமல் காப்பது எப்படி?

இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் குடியேறும் குடும்பத்துக்கு முதல் தேவை குடிநீர். கிணறு வெட்ட வசதியில்லாத இடங்களிலும், கிணற்று நீர் உவராகும் இடங்களிலும் மழைநீர்த் தாங்கி பெரிதும் கைகொடுக்கிறது. எமது நாட்டில் 1995 இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் சமூக நீர் வழங்கல் திட்டத்தின் கீழ் இத்தகைய தாங்கிகள் அறிமுகமாயின. அவற்றுள் ஒன்று பெரோசீமெந்துத் தாங்கி. கம்பி வலையின் மேல் சீமெந்துச் சாந்தை மெல்லியதாகப் பூசிக் கட்டுவது இதன் முறை. 1848 இல் பிரான்சில் லம்போ என்பவர் இதே முறையில் ஒரு சிறு படகையே செய்தார்.

ஐந்து பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் எடுத்தால், 5000 லீற்றர் தாங்கி 200 நாட்களுக்குப் போதும். ஆனால் ஒரு வெடிப்பினூடாக மணிக்கு ஒரு லீற்றர் கசிந்தால், அதே நீர் சுமார் 100 நாட்களில் தீர்ந்துவிடும். வெடிப்பு எவ்வளவு பெரிய நட்டம் என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

வெடிப்பு ஏன் வருகிறது?

50 கிலோ சீமெந்து இறுகுவதற்கு உண்மையில் தேவைப்படும் நீர் சுமார் 12 லீற்றர்தான். மீதி நீரை நாம் சேர்ப்பது பூசுவதற்கு இலகுவாக இருக்கவே. அந்த நீர் பின்னர் காய்ந்து வெளியேறும்போது சாந்து சுருங்குகிறது. கொங்கிறீற்றில் உள்ள சல்லிக்கற்கள் சுருக்கத்தை ஓரளவு தடுக்கும். சாந்தில் சல்லி இல்லாதபடியால் அது கூடுதலாகச் சுருங்கும். சுவரும் மெல்லியது, விரைவில் காய்ந்துவிடும். பூசிய சில மணி நேரத்துக்குள் வெயிலும் காற்றும் பட்டால், இறுகுமுன்பே வெடிப்பு விழும்.

நாம் செய்யவேண்டியவை

1. மணல்: ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். 6 சென்ரிமீற்றர் மணலுக்கு மேல் அரைச் சென்ரிமீற்றரிலும் கூடச் சேறு படிந்தால், அம்மணலைக் கழுவியே பாவிக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துச் சாந்தைப் பிளக்கும்.

2. கலவை: ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். சீமெந்து கூடினால் பலமும் கூடும் என்று எண்ணி அள்ளிப் போடாதீர்கள், சுருக்கமும் கூடும்.

3. நீர்: ஒரு பை சீமெந்துக்கு ஏறக்குறைய 20 லீற்றர். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்கவும். உவர்நீர் கூடாது. இறுகத் தொடங்கிய கலவைக்கு மீண்டும் நீர் விட்டுக் குழைப்பது பெரும் பிழை. ஆகவே, சிறிது சிறிதாகக் குழையுங்கள்.

4. பூச்சு: சோளகக் காற்று பலமாக வீசும் நாட்களைத் தவிருங்கள். கிடுகினாலோ பொலித்தீனாலோ நிழலும் காற்றுத் தடுப்பும் அமையுங்கள். இரண்டாம் பூச்சை, முதற் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, மறுநாளைக்குள் பூசுங்கள். மேற்பரப்பு ஈரமாக இருக்கிறதென்று உலர்ந்த சீமெந்தைத் தூவித் தேய்ப்பது வழக்கம். இதனால் வலை போன்ற நுண்ணிய வெடிப்புகள் தோன்றும்.

5. ஈரம் காத்தல்: இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். சாந்து இறுகியதும் நனைந்த சாக்குகளால் மூடி, அவற்றின் மேல் பொலித்தீன் சுற்றுங்கள். சாக்கு ஒருபோதும் காயாதபடி 14 நாட்கள் நனைத்து வாருங்கள். தாங்கியின் அடியிலும் சில அங்குலம் நீர் நிற்கட்டும். மேசன் வேலை முடித்துப் போய்விடுவார். இந்த இரண்டு வாரப் பொறுப்பு வீட்டாருடையது. தண்ணீருக்குத் தூரம் போகவேண்டிய இடமானால், கட்டத் தொடங்குமுன்பே இதற்கான நீரைச் சேர்த்து வையுங்கள்.

பின்னர் தாங்கியை ஒரே நாளில் நிரப்பாமல், சில நாட்களில் படிப்படியாக நிரப்புங்கள். மயிரிழை போன்ற கசிவுகள் நீர் நிற்க நிற்கச் சுண்ணாம்பு படிந்து தாமாகவே அடைபடுவதுண்டு. பெரிய வெடிப்பானால், கொத்தி அகலமாக்கி, நனைத்து, புதிய சாந்தால் அடைக்க வேண்டும். கோடையிலும் தாங்கியை முற்றாகக் காயவிடாமல் அடியில் கொஞ்சம் நீர் விட்டு வையுங்கள்.

மாரி மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே கட்டி முடித்தால், ஈரம் காக்கவும் சோதித்துப் பார்க்கவும் போதிய காலம் கிடைக்கும். முதல் மழையே வீட்டுக்குப் பயன்படும்.