வீகோ யார் பக்கம்?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றங்கரையில் இருக்கிறது டெர்ரஹோட். மக்கள்தொகை 60,000-ஐ எட்டாத ஊர். கொக்கோ-கோலாவின் நெளிந்த பாட்டில் 1915-இல் இங்கிருந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில்தான் உருவானது. அதைத் தாண்டி வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைப் பேசக் காரணம் ஒன்றே ஒன்று, தேர்தல். டெர்ரஹோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட வீகோ கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), 1956 முதல் 2016 வரை நடந்த 16 அதிபர் தேர்தல்களிலும் வென்றவர் பக்கமே நின்றது. 1888-இலிருந்து கணக்கெடுத்தாலும் 33 தேர்தல்களில் தவறியது இரண்டுதான்: 1908, 1952.

அதனால் தேர்தல் வந்தால் நிருபர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கைதான். ஆனால் எல்லா அரிசியும் ஒரே உலையில் கொதிப்பதால்தான் சமையலில் அந்தப் பதம் பலிக்கிறது. வீகோவின் மக்களோ நாட்டின் சராசரியிலிருந்து வெகுவாக விலகியவர்கள். இங்கே பத்துப் பேரில் எட்டுக்கு மேல் வெள்ளையர். நாடு முழுவதும் அது ஆறு அளவில் இருக்கிறது. பெரிய மாநகரமும் இல்லை, கடற்கரையும் இல்லை. பிறகு எப்படி?

முதலில் தற்செயலைச் சோதித்துப் பார்ப்போம். ஒவ்வொரு தேர்தலிலும் நாணயத்தைச் சுண்டி முடிவெடுக்கும் ஒரு கவுண்டி 16 முறையும் சரியாகச் சொல்ல 65,536-இல் ஒரு வாய்ப்பு. அமெரிக்காவில் இருப்பவை சுமார் 3,100 கவுண்டிகள். ஆக, வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது போலிருக்கிறது.

ஆனால் கவுண்டிகள் நாணயங்கள் அல்ல. விலைவாசி ஏறினால், போர் இழுத்துக்கொண்டே போனால், ஆளுங்கட்சி மீதான கோபம் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒரே திசையில் வீசும். எந்தக் கட்சிக்கும் கோட்டையாக இல்லாமல் நடுவில் இருக்கும் ஊர், அந்தக் காற்றில் நாட்டோடு சேர்ந்தே சாயும். அப்படிப்பட்ட கவுண்டி நான்கில் மூன்று முறை வென்றவர் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 16 முறையும் தப்பாமல் இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. 3,100 கவுண்டிகளும் அத்தகையவை என்றால் 31 கவுண்டிகள் தேறிவிடும்! உண்மையில் நடுவில் இருப்பவை சில நூறுதான் என்றாலும், இரண்டு மூன்று ‘ஞானிகள்’ கிடைப்பதில் அதிசயமில்லை. தேர்தலெல்லாம் முடிந்த பிறகு பட்டியலைப் புரட்டி, தவறாதவரை மட்டும் மேடையேற்றுகிறோம். ஜோசியக்காரர்களுக்கும் புகழ் வருவது இப்படித்தான்.

இன்னொரு சான்று எனக்கு இதைவிட ருசிகரமாகப் படுகிறது. 1888, 2000, 2016 ஆகிய மூன்று தேர்தல்களிலும், மாநிலவாரியாக எண்ணும் தேர்வாளர் குழு முறையால், நாடு முழுவதும் குறைவான ஓட்டு வாங்கியவரே அதிபரானார். மூன்று முறையும் வீகோ அவர் பக்கமே நின்றது. அது அமெரிக்க மக்களின் சிறு நகல் என்றால், அந்த மூன்று ஆண்டுகளில் தோற்றவரைத்தானே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? புகழின் ஒரு பங்கு தற்செயலின் கொடை என்பது இங்கே பிடிபட்டுவிடுகிறது.

மீதிப் பங்கு ஊரின் வரலாற்றில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கமும் ரயிலும் வளர்த்த ஊர் இது. ஐந்து முறை சோஷலிஸ்ட் அதிபர் வேட்பாளராக நின்ற யூஜின் டெப்ஸ் 1855-இல் இங்கே பிறந்தவர். 1920-இல் சிறையில் கைதியாக இருந்தபடியே 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய மனிதர். 1935-இல் ஒரு பொது வேலைநிறுத்தம் ஊரையே முடக்கியது. தொழிற்சங்கத்தால் ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருந்த தொழிலாளர்கள் ஒருபுறம், இண்டியானாவுக்கே உரிய பழமைவாதம் மறுபுறம். ஏறத்தாழ சம எடை. மாநிலம் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே போனபோதும் வீகோ மாறி மாறிச் சாய்ந்ததற்கு இதுவே அடிப்படை.

அந்தச் சமநிலை போய்விட்டது. 2008-இல் ஒபாமாவுக்குச் சுமார் 16 புள்ளி முன்னிலை கொடுத்த கவுண்டி, 2016-இல் டிரம்ப்புக்குச் சுமார் 15 புள்ளி கொடுத்தது. சுரங்கமும் ஆலையும் சுருங்கச் சுருங்கச் சங்கத்தின் பிடி தளர்ந்தது. கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர்கள் நாடெங்கும் குடியரசுக் கட்சியை நோக்கி நகர, பட்டதாரிகள் எதிர்த்திசையில் போனார்கள். எல்லாரையும் ஒரே பக்கம் தள்ளிய பழைய காற்று, ஊருக்கு ஊர் வேறு திசையில் வீசத் தொடங்கியது.

2020-இல் பைடன் வென்றார். வீகோ டிரம்ப்பிடமே நின்றது. தவறியது அது மட்டுமல்ல. 1980-இலிருந்து ஒருமுறைகூடப் பிசகாத கவுண்டிகள் 19 இருந்தன. அவற்றில் 18 அந்த ஆண்டு சறுக்கின. தப்பியது வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் மட்டும். நாட்டின் வடமேற்கு மூலையிலிருக்கும் அந்தக் கவுண்டிக்கு நிருபர்கள் படையெடுத்தார்கள். 2024-இல் அது கமலா ஹாரிஸுக்கு ஓட்டளித்தது.