சூரியக் கல்லும் மக்காச்சோள அடையும்

1970-களில் மெக்சிகோ நகருக்கு வந்த வெளிநாட்டுப் பயணிக்கு இரண்டு உபதேசங்கள் கட்டாயம் கிடைக்கும். ஒன்று, சப்புல்தெபெக் பூங்காவில் இருக்கும் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பாதே. இரண்டு, அதன் வாசலில் விற்கும் எதையும் வாயில் வைக்காதே. தண்ணீரைத் தொடாதே, பழத்தைத் தோல் சீவாமல் தின்னாதே, ஐஸ் போட்ட எதையும் குடிக்காதே என்று இரண்டாவது உபதேசம் நீண்டுகொண்டே போகும். வயிற்றுப்போக்குக்கு ‘மொக்தெசுமாவின் பழி’ என்று ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்திருந்தார்கள். ஸ்பானியர்களிடம் நாட்டை இழந்த அஸ்தெக் மன்னன், சுற்றுலாப் பயணிகளின் குடலில் கணக்குத் தீர்க்கிறானாம்.

அன்றைய சுற்றுலா பேருந்துக்குள் நடந்தது. காலையில் ஓட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு போய் அருங்காட்சியகத்தில் இறக்குவார்கள். வழிகாட்டி ஆண்டுகளையும் அரச வம்சங்களையும் ஒப்பிப்பார். அஸ்தெக்குகள் செதுக்கிய, சுமார் 24 டன் எடையுள்ள சூரியக் கல்லின் முன்னால் ஒரு படம். பிற்பகலில் நகர மையத்துக்கு வந்து, நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த பழைய மாளிகையில் 1919 முதல் நடந்துவரும் சான்போர்ன்ஸ் உணவகத்தில் சாப்பாடு. அங்கே பேர்பெற்ற பண்டம் ‘சுவிஸ் என்சிலாடா’. பச்சை மிளகாய்ச் சாற்றின் காரத்தைக் கிரீமும் சீஸும் போட்டு அடக்கி வைத்தது. பரிமாறும் பெண்கள் பழங்குடி உடையை மெருகேற்றிய வண்ணப் பாவாடை கட்டியிருப்பார்கள். பழங்குடிகளின் உடைக்கு உணவகத்துக்குள் அனுமதி இருந்தது. அவர்களுடைய அடுப்பு வெளியே நடைபாதையில்தான் புகைந்துகொண்டிருந்தது.

இன்று அதே நகரில் சுற்றுலா தொடங்குவது பெரும்பாலும் அந்த நடைபாதையில்தான். எட்டோ பத்தோ பேர் காலையில் ஒரு தெருமுனையில் கூடுகிறார்கள். கையில் தாமாலே: மக்காச்சோள மாவைச் சோளத் தோகையில் பொதிந்து ஆவியில் அவித்து, பிறகு ரொட்டிக்குள் திணித்தது. மாவுக்குள் மாவு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வேலைக்கு ஓடுகிற நகரவாசிக்கு மதியம்வரை தாங்குவது அதுதான். கூடவே சூடான அத்தோலே, மக்காச்சோளக் கஞ்சி. குடித்துக்கொண்டே நடந்து சோக்கலோ சதுக்கத்துக்கும், பேராலயத்துக்குப் பக்கத்தில் தோண்டியெடுக்கப்பட்ட தெம்ப்லோ மயோர் கோயில் இடிபாட்டுக்கும் வருகிறார்கள்.

அங்கே தேர்ந்த வழிகாட்டி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். பொரித்த கீரை விதையைப் பாகில் பிடித்த கட்டி. ‘அலெக்ரியா’ என்று சுரங்க ரயில் நிலைய வாசல்களிலெல்லாம் விற்கிற மலிவான தின்பண்டம். அந்த விதையின் மாவைத் தேனில் பிசைந்துதான் இதே கோயிலில் போர்த் தெய்வமான ஹுயித்சிலோபோச்த்லியின் உருவத்தைச் செய்தார்கள். விழா முடிவில் அதை உடைத்து மக்கள் உண்டார்கள். தங்கள் நற்கருணைச் சடங்கைச் சாத்தான் கேலி செய்வதாக ஸ்பானியத் துறவிகளுக்குத் தோன்றியது. அந்த வழக்கத்தை ஒடுக்கினார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை கற்சிலைகளை அடுக்கினாலும், பல்லில் ஒட்டும் அந்த ஒரு துண்டு சொல்கிற அளவுக்கு அவை இதைச் சொல்லிவிடாது. இந்தப் புதிய சுற்றுலாக்களை நான் பாராட்டுவது முக்கியமாக இதற்காகத்தான்.

கல்லையும் சோற்றையும் முதலில் பிரித்தது யார்? 1790-இல் சோக்கலோவைச் சீரமைக்கத் தோண்டியபோது ஆகஸ்டில் கோவாத்லிகுவே தேவியின் சிலையும் டிசம்பரில் சூரியக் கல்லும் கிடைத்தன. கல்லைப் பேராலயத்தின் கோபுரச் சுவரில் சாத்தி வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அது வெயிலிலும் மழையிலும் நின்றது. தேவியைப் பல்கலைக்கழக முற்றத்தில் மறுபடி புதைத்தார்கள். பார்க்க வந்த பழங்குடி மக்கள் பக்தியோடு பார்த்ததுதான் சிக்கல். அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சியில், 1885-இல், சூரியக் கல் மொனேதா தெருவிலிருந்த தேசிய அருங்காட்சியகத்துக்குள் போனது. பழைய மெக்சிகோ தேசத்தின் பெருமை ஆயிற்று.

அதே காலத்து மேட்டுக்குடிக்கு, அந்தக் கல்லைச் செதுக்கியவர்களின் பேரன் பேத்திகள் தின்கிற மக்காச்சோளம் தேசத்தின் இழிவு. பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி 1899-இல் எழுதிய நூலில் மனிதர்களைக் கோதுமை தின்கிறவர்கள், அரிசி தின்கிறவர்கள், மக்காச்சோளம் தின்கிறவர்கள் என்று மூன்றாகப் பிரித்தார். முன்னேறக்கூடியவர்கள் கோதுமைக்காரர்கள் மட்டுமே என்றார். (அரிசிக்காரர்களான நமக்கும் அவர் கணக்கில் இடமில்லை.) 1910-இல் விடுதலைப் போரின் நூற்றாண்டு விழா விருந்துகளில் பிரெஞ்சுச் சமையல்தான் கோலோச்சியது. முன்னோர் வேண்டும், அவர்களுடைய அடுக்களை வேண்டாம்.

1964 செப்டம்பரில் திறந்த புதிய மானிடவியல் அருங்காட்சியகமும் இந்தப் பிளவைத் தீர்க்கவில்லை. அழகாகக் கட்டிக் கொடுத்தது. கட்டடக் கலைஞர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் முற்றத்தின் நடுவே ஒற்றைத் தூணில் பெரும் கூரையைத் தாங்க வைத்து, அதைச் சுற்றி நீரை அருவியாகக் கொட்டவிட்டார். இன்றும் மலைக்க வைக்கிற வேலை. வாசலில் நிற்கும் மழைக் கடவுளை கோவாத்லிஞ்சான் கிராமத்திலிருந்து, ஊராரின் எதிர்ப்பை ராணுவத்தைக் கொண்டு அடக்கித்தான் கொண்டுவந்தார்கள். உள்ளே தரைத்தளம் முழுக்கத் தொல்பொருள். மாடியில் இன்று வாழ்கிற பழங்குடிகளின் வீடு, நெசவு, சமையல் பாண்டங்கள். கீழே நடந்தே கால் ஓய்ந்தவர்களில் எத்தனை பேர் மாடி ஏறுவார்கள்? கவிஞர் ஒக்தாவியோ பாஸ் இந்த அருங்காட்சியகத்தை அப்போதே கடுமையாகச் சாடினார். அஸ்தெக் மண்டபத்தைக் கருவறைபோல நடுவில் வைத்ததில் அதிகாரத்தை வழிபடும் மனம் தெரிகிறது என்பது அவர் வாதம். 1968 அக்டோபர் 2-ஆம் தேதி த்லாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களை அரசு சுட்டுக் கொன்றதைக் கண்டித்து, இந்தியாவுக்கான மெக்சிகோ தூதர் பதவியை விட்டு விலகியவர் அவர்.

அந்த த்லாதெலோல்கோதான் அஸ்தெக் காலத்தின் பெருஞ்சந்தை. தினமும் அறுபதாயிரம் பேருக்கு மேல் வாங்கவும் விற்கவும் கூடுவதாக ஸ்பானிய மன்னருக்கு எழுதினார் படையெடுத்து வந்த தளபதி கோர்த்தேஸ். அதன் சிறிய மாதிரி வடிவம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தியேகோ ரிவேரா அதைத் தேசிய மாளிகைச் சுவரில் ஓவியமாகவும் தீட்டியிருக்கிறார். இன்றைய வழிகாட்டிகள் மாதிரியைக் காட்டியதோடு விடுவதில்லை, லா மெர்செத் சந்தைக்கோ சான் ஹுவான் சந்தைக்கோ கூட்டிப்போகிறார்கள். மிளகாய் ஒருபக்கம், பூசணிப்பூ ஒருபக்கம் என்று வரிசை பிரித்து உட்காரும் முறை அன்று ஸ்பானியர்கள் வியந்து எழுதியது. இன்றும் கண்முன்னே நடக்கிறது. காய்ந்த மிளகாய் வகைகளைக் குவித்து வைத்திருக்கும் கடைமுன் நம்மவர் நின்றால் கொஞ்சம் அடக்கம் வரும். போர்த்துகீசியர்கள் நமக்குக் கொண்டுவந்து கொடுத்ததன் பிறந்த மண் இது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டியபோது, துண்டாடப்பட்ட நிலவுத் தெய்வம் கொயோல்ஷாவ்கியின் வட்டக்கல் கிடைத்தது. குறுக்களவு மூன்று மீட்டருக்கு மேல். தொல்லியலாளர் எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் தெம்ப்லோ மயோர் அகழாய்வு நடந்து, 1987-இல் அங்கேயே அருங்காட்சியகம் திறந்தது. சப்புல்தெபெக்கின் மரநிழலில் இருந்த தொல்பொருள், தள்ளுவண்டிகள் நெருக்கியடிக்கும் தெருவுக்கே வந்துவிட்டது. இடையில் 1982-இல் கொயோவாகானில் மக்கள் பண்பாட்டு அருங்காட்சியகத்தைத் தொடங்கிய கியேர்மோ போன்ஃபில் பதாய்யா, முதல் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் மக்காச்சோளம். புல்னெஸுக்கு அதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் சேர்த்தது. 2024-இல் சான் ரஃபேல் பகுதியில் நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு சின்ன தாக்கோ கடைக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது.

வழிகாட்டியின் பாடமும் மாறிவிட்டது. முன்பு ‘மெதாத்தே’யைச் சுட்டி “அரைக்கும் கல்” என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். நம் அம்மியைப் போன்றது. மூன்று காலில் சரிந்து நிற்கும், பெண் அதன் முன் மண்டியிட்டு அரைக்க வேண்டும். இப்போது அங்கேயே நின்று விளக்குகிறார்கள்: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவைத்து இரவெல்லாம் ஊறவிட்டால் தோல் கழன்றுவிடும், மாவு ஒட்டும் பதத்துக்கு வரும், தானியத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து உடலுக்குக் கிடைக்கும். ஐரோப்பியர்கள் தானியத்தை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் அதையே மூன்று வேளையும் தின்ற ஏழைகள் பெலாக்ரா நோய் வந்து தோல் வெடித்துச் செத்தார்கள். பின்தங்கியவர்கள் என்று புல்னெஸ் எழுதிய மக்களின் அடுக்களையில் அதற்கான மருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தது. இதைக் கேட்டபின் வாயில் வைக்கிற டோர்ட்டியா வெறும் ரொட்டியாக இருக்காது. ஆனால் அந்த அரைப்புக்காகப் பெண்கள் விடியுமுன்பே எழுந்து மணிக்கணக்கில் மண்டியிட்டதையும், அரவை மில் வந்தபோது அவர்கள் விடுதலை அடைந்ததையும் எத்தனை வழிகாட்டிகள் சேர்த்துச் சொல்கிறார்கள்? கல்லில் அரைத்ததுதான் உசத்தி என்று இன்று விலை கொடுத்து உருகுகிறவர்களுக்கு முழங்கால் வலி தெரியாது.

இன்னொரு குறையும் உண்டு. பொசோலே என்ற மக்காச்சோளக் குழம்பைக் கையில் கொடுத்துவிட்டு, “அந்தக் காலத்தில் இதில் நரமாமிசம் போட்டார்கள்” என்று அதிரவைப்பது சில வழிகாட்டிகளுக்குப் பிடித்த வித்தை. பலியிட்ட கைதியின் சதையை மக்காச்சோளத்தோடு சமைத்து உண்ட சடங்கைப் பதினாறாம் நூற்றாண்டுத் துறவி சகாகூன் பதிந்திருப்பது உண்மை. அது குறிப்பிட்ட விழாவில் குறிப்பிட்ட சிலருக்கு உரியது. ஊரே தினமும் தின்றதுபோலச் சொல்லி ஒரு சிரிப்பை வாங்குவது, மொக்தெசுமாவின் பழி என்ற பழைய கேலியின் தொடர்ச்சிதான்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. நகரின் மையப் பகுதியான குவாவ்தெமோக் வட்டாரத்தின் நிர்வாகம் 2022-இல் நடைபாதைக் கடைகளின் மேல் கையால் வரைந்திருந்த பழரச, தோர்த்தா சாண்ட்விச் விளம்பரங்களை அழித்து, ஒரே வெள்ளையாக அடித்துத் தன் சின்னத்தைப் பதித்தது. பண்டத்தை யுனெஸ்கோ போற்றிய பின்னும் பண்டக் கடை அழுக்காகத்தான் தெரிந்திருக்கிறது. 2025 ஜூலையில் கொந்தேசா, ரோமா பகுதிகளில் வாடகை உயர்வை எதிர்த்து இளைஞர்கள் ஊர்வலம் போனார்கள். டாலரில் சம்பளம் வாங்கும் வெளிநாட்டவர் குடியேறக் குடியேற, பழைய குடித்தனங்கள் விளிம்புக்குத் தள்ளப்படுவதே அவர்களின் புகார். வெளிநாட்டு நாக்குக்காகச் சல்சாவின் காரமே குறைந்துவிட்டது என்பதும் உள்ளூர்க்காரர்கள் வாயில் அடிபடுகிற குறை. கிரீம் போட்டு அடக்கிய சான்போர்ன்ஸ் காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நடைபாதையில் த்லாகோயோ சுடும் அம்மாளைப் பாருங்கள். நீலச் சோள மாவில் அவரைக் கூழை வைத்துத் தட்டி, தட்டையான கொமாலில் சுட்டு, சப்பாத்திக்கள்ளித் துண்டைத் தூவித் தருகிறார். எட்டுப் பேர் வட்டமாக நிற்க, வழிகாட்டி ஆங்கிலத்தில் அவருடைய மாவின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்கிறார். அந்த அம்மாளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நல்ல வழிகாட்டி அவரைப் பேசவிட்டு மொழிபெயர்க்கிறார். கெட்டிக்கார வழிகாட்டி அவருக்கும் சேர்த்துத் தானே பேசிவிடுகிறார். பணத்தைக் கூட்டமாகத் தின்ற கணக்கில் மட்டும் தராமல், அடுப்பை மறித்து நின்ற நேரத்துக்கும் சேர்த்துத் தருவது குறைந்தபட்ச மரியாதை என்பது என் கருத்து.

முன்பு அருங்காட்சியகம் விருந்து, சாப்பாடு இடைவேளை. இப்போது தட்டு புரண்டு, இரண்டு தாக்கோக்களுக்கு நடுவே சூரியக் கல்லுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் சுற்றுலாக்களும் வந்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாடிக் கூடங்களில் அரை நாள் செலவழித்தால்தான் சந்தையில் பார்க்கிற பாதிப் பொருள் என்னவென்றே விளங்கும். நகரின் பெரிய அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். அன்றைக்கு வந்து சேரும் பயணி முன்பெல்லாம் ஒரு நாள் வீணாயிற்று என்று ஓட்டலில் அலுத்துக்கொள்வார். இப்போது நேரே சந்தைக்குப் போகிறார். பூட்டியிருந்ததே பலருக்குத் தெரிவதில்லை.