காயம் பட்ட அன்றே சொல்லிவிடுங்கள்

விடியுமுன் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு நிரைக்குப் புறப்படும் தொழிலாளிக்கு அவருடைய இரு கைகளே சொத்து. அக்கைகளில் ஒன்றுக்கு ஊறு நேர்ந்தால் குடும்பம் எவ்வாறு நடக்கும்? இதற்குச் சட்டத்தில் விடையுண்டு. அதனை இங்கு விளக்க விரும்புகிறோம்.

பெடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மழையில் நனைந்த மேட்டில் பால் வாளியோடு சறுக்கி விழுகிறார். மணிக்கட்டில் வலி. "சிறு வலிதானே" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குச் செல்கிறார். ஒரு வாரத்தில் கை வீங்குகிறது. சுங்கை பட்டாணி மருத்துவமனையில் எலும்பு முறிவு என்கிறார்கள். "எங்கே விழுந்தீர்? என்றைக்கு? கண்டவர் யார்?" என்று கேட்கும்போது அவரிடம் சான்று ஏதுமில்லை. சட்டம் கொடுக்க வந்ததை மௌனம் தடுத்துவிடுகிறது.

நமக்குத் துணையாக இரண்டு சட்டங்கள் உள்ளன. முதலாவது, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் தனியே உண்டு. வேலை ஒப்பந்தத்தில் இதனினும் குறைவாக எழுதப்பட்டிருந்தால் அவ்வாசகம் செல்லாது. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

இரண்டாவது, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971இல் அமைந்த சொக்சோ. வேலையில் நேரும் விபத்து, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே நேர்வழியில் நேரும் விபத்து, வேலையால் வரும் நோய் ஆகியவற்றுக்கு இது பொறுப்பேற்கிறது. விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவர் ஓய்வு அளித்தால், சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அதே நாட்களுக்கு நோய் விடுப்புச் சம்பளமும் பெற இயலாது. கை நிரந்தரமாகப் பழுதுபட்டால் அதற்குத் தனி இழப்பீடு உண்டு.

நோய் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. களைமருந்து அடிப்பவருக்கும், பால் உறையவைக்கும் அமிலத்தைக் கையாள்பவருக்கும் தோல் வெடிப்பும் கொப்புளமும் வரலாம். பாராகுவாட் மருந்து 2020இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் வேறு மருந்துகள் உள்ளன. மருத்துவரிடம் "அரிப்பு" என்று மட்டும் கூறாமல், செய்யும் வேலையையும் கையாளும் மருந்தையும் சொல்லுங்கள். சொல்லாவிடில் வேலைக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை அவர் எப்படி அறிவார்?

ஆகவே, காயம் சிறிதாயினும் அன்றே மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லுங்கள், வாய்மொழியே போதும். நீங்கள் படுத்த படுக்கையானால் வீட்டார் சொல்லலாம். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது நிர்வாகத்தின் கடமை. கண்டவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவச் சீட்டின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

இது யாரிடமும் கையேந்திப் பெறும் உதவியன்று, உழைத்தவரின் உரிமை. அவ்வுரிமைக்கு முதற்படி, அன்றே வாய் திறந்து சொல்லுதல்.