ஓர் ஆலயமும் இருபது ஓவியங்களும்

ஓவியர் ஒருவர் தாம் புதிதாகத் தீட்டிய படங்களை ஓரிடத்தில் தொகுத்து மக்கள் பார்வைக்கு வைப்பது தனி ஓவியக் கண்காட்சி எனப்படும். ஒருவருடைய படம் ஒன்றை மட்டும் காண்பதற்கும், பலவற்றைச் சேர்த்துக் காண்பதற்கும் வேறுபாடு உண்டோ? உண்டு. 1895ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் நடந்த கண்காட்சி இதனை நன்கு விளக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பிரெஞ்சு ஓவியர்கள் 'சலோன்' என்னும் பெருங்காட்சியையே நம்பியிருந்தனர். நடுவர் குழு ஏற்ற படங்களே அங்கு இடம்பெற்றன. பலருடைய படங்கள் சுவர் மறையத் தொங்கியதால், ஒருவருடைய நோக்கத்தை முழுமையாக அறிதல் அரிதாயிற்று. ஓவிய வணிகரான பால் டுராண்ட்-ருயேல் 1883இல் ஓவியர் சிலருக்குத் தனித்தனியே காட்சி நடத்தினார். அவர்களுள் ஒருவர் குளோட் மோனே (1840–1926).

மோனே 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் ரூவான் நகருக்குச் சென்று, அங்குள்ள பேராலயத்தின் முகப்பை எதிர்ப்புறத்து அறைகளிலிருந்து தீட்டினார். கித்தான்கள் பலவற்றை அருகில் வைத்துக்கொண்டு, ஒளி மாறுந்தோறும் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்தார். பின்னர் ஜிவெர்னியிலுள்ள தம் இல்லத்தில் அவற்றைத் திருத்தி முடித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. இம்முறைக்கு எண்ணெய் வண்ணம் பெருந்துணை செய்தது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி மெல்ல மெல்ல இறுகும். ஆதலின் மேன்மேலும் பூசலாம், திருத்தலாம். மோனேயின் வண்ணப்பூச்சு கற்சுவர்போல் தடித்துச் சொரசொரப்பாக நிற்பதும் இதனாலேயே.

டுராண்ட்-ருயேல் காட்சிக்கூடத்தில் அப்படங்களுள் இருபது வைக்கப்பட்டன. மந்தார வானத்தின்கீழ்ச் சாம்பல் நிறமாகத் தோன்றிய அதே முகப்பு, முழு வெயிலில் நீலமும் பொன்னுமாக ஒளிர்ந்தது. ஒரு படத்தை மட்டும் கண்டவர் ஆலயத்தைக் கண்டார். இருபதையும் கண்டவரோ, கல் அசையாதிருக்க ஒளி நகர்வதைக் கண்டார். பொழுதின் ஓட்டமே ஓவியரின் பொருள் என்பது அங்குதான் புலனாயிற்று.

இதனை உணர்ந்தவர் ஜார்ஜ் கிளமான்சோ. பிற்காலத்தில் பிரான்சின் தலைமையமைச்சரான அவர், அந்த மே மாதமே தம் நாளிதழில் ஒரு கட்டுரை வரைந்தார். இத்தொகுதியைச் சிதறவிடாமல் நாட்டிற்காகக் காத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அது நிறைவேறவில்லை. படங்கள் தனித்தனியே விலைபோயின. காமோந்தோ என்னும் செல்வர் வாங்கிய நான்கு, அவர் மறைவுக்குப்பின் நாட்டிற்குச் சேர்ந்தன. அரசு 1907இல் ஒன்றை வாங்கியது. இவ்வைந்தும் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏனையவை பல நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. படங்கள் அழியவில்லை, ஆயினும் அவை கூடி உணர்த்திய பொருளை ஒரே சுவரில் காண இயலவில்லை.

ஆகவே, மோனேயின் ஆலயப் படத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர் இரண்டையேனும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று. எது எப்பொழுது தீட்டப்பட்டது என்று வினவினால், மாணவர் விடையை நிழலில் தேடத் தொடங்குவர். ஓவியம் காணும் பயிற்சி அங்கே தொடங்கும்.