பனிக்கண்டத்தில் யார் தாக்குப்பிடிப்பார்?

திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. முடித்து, சில ஆண்டுகள் டீசல் மெக்கானிக்காக வேலை பார்த்த இளைஞர் அண்டார்டிகாவுக்குப் போக முடியுமா? முடியும். அங்கே நம் நாட்டுக்கு மைத்ரி (1989), பாரதி (2012) என்று இரண்டு ஆய்வு நிலையங்கள் இயங்குகின்றன. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் அவற்றை நடத்துகிறது. விஞ்ஞானிகள் மட்டும் போதாது. ஜெனரேட்டர் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர், டாக்டர் எல்லோரும் வேண்டும்.

ஆனால் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது. குளிர்காலத்தில் ஒரு நிலையத்தில் தங்குபவர்கள் ஏறத்தாழ 25 பேர்தான். கடல் உறைந்துவிட்டால் மாதக்கணக்கில் கப்பல் வராது. சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிக்காது. தூக்கம் கெடும், மறதி வரும், சின்ன விஷயத்துக்கும் கோபம் பொங்கும். சண்டை போட்டால் கிளம்பிப்போக வேறு இடமில்லை. மறுவேளைச் சாப்பாட்டுக்கு அதே மேசையில்தான் உட்கார வேண்டும்.

அதனால்தான் போகிறவர்களுக்கு உடல் பரிசோதனையோடு மனப் பரிசோதனையும் நடக்கிறது. இமயமலையில் அவுலியில் பனிப் பயிற்சியும் உண்டு. அமெரிக்கக் கடற்படைக்காக அண்டார்டிகக் குழுக்களை ஆராய்ந்த உளவியலாளர் எரிக் கண்டர்சன், அங்கே நிலைப்பவர்களுக்கு மூன்று தகுதிகள் சொன்னார்: வேலைத் திறமை, மன நிதானம், பிறரோடு ஒத்துப்போகும் குணம்.

மூன்றாவது தகுதி சமையலறையில் வெளிப்படும். பாத்திரம் கழுவுவதும் தரை துடைப்பதும் அங்கே முறை வைத்து எல்லோருக்கும் வரும். முனைவர் பட்டத்துக்கும் விலக்கில்லை. இஸ்ரோவின் மங்களா மணி 56 வயதில் பாரதிக்குப் போனார். 2016-17இல் 23 பேர் குழுவில் ஒரே பெண்ணாக 403 நாட்கள் இருந்தார். பட்டத்தைப் போலவே, வயதையும் பாலினத்தையும் வைத்து நாம் போடும் கணக்கும் அங்கே செல்லாது.

எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்ற இந்தப் பாடம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1947இல் காந்தியவாதிகளான டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி அருகே காந்திகிராம நிறுவனத்தைத் தொடங்கியபோது, உடல் உழைப்பும் கல்வியே என்ற காந்தியின் ஆதாரக் கல்வியை அடித்தளமாக வைத்தார்கள். இன்றோ மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைத் துடைப்பம் தொடவிடாமல் வளர்க்கிறோம். நம் கல்லூரி விடுதிகளில் மாணவர்களே முறை வைத்துச் சமைக்கட்டும், கழுவட்டும், கோபித்துக்கொண்ட அறைத்தோழனோடு மறுநாளே பேசப் பழகட்டும். பனிக்கண்டத்துக்குப் போகாவிட்டாலும், எந்த வேலையிடமும் அப்படிப்பட்டவரைத்தான் தேடுகிறது.