கணக்கு வகுப்பும் கைப்பேசித் திரையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதை நேயர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். முன்னாளில் வாய்விட்டு விலை கேட்ட வியாபாரிகள், இப்பொழுது கணினிக்கு முன் மௌனமாக அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். ஆனால் மாதிரிக் காய் மட்டும் இன்னமும் அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும். விலை சொல்லத் திரை போதும். சரக்கை அறியக் கை வேண்டியிருக்கிறது.

கலாசாலைக் கணக்குப் பாடமும் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

போடியில் அரசினர் பொறியியற் கல்லூரி 2012-இல் ஏற்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் வருஷப் பாடத்திட்டப்படி முதற் பருவக் கணிதத்துக்கு வாரம் மூன்று மணி விரிவுரை, ஒரு மணி பயிற்சி. விரிவுரையைத் திரையில் கேட்பதற்கு இன்று வசதிக்குக் குறைவில்லை. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். திட்டம் 2003 முதலும், மத்திய சர்க்காரின் 'ஸ்வயம்' 2017 முதலும் இருக்கின்றன. ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை ஸ்வயம் மூலம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதியும் செய்துவிட்டது. அப்படியானால், வாத்தியார் எதற்கு?

மலைச்சரிவில் ஏலச்செடியின் அடியில் குனிந்து காய் பறிக்கும் தாயார் ஒருத்தியின் மகள், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் 2, 1. இரண்டாம் வரியில் 1, 2 என்ற அணிக்கு ஐகன் மதிப்புக் காண வேண்டும். சமன்பாட்டில் நான்குக்கு முன் கழித்தல் குறி வர வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டுவிடுகிறாள். 1, 3 என்று வரவேண்டிய விடை, கழித்தல் 1, கழித்தல் 3 என்று வந்து நிற்கிறது. விடை தப்பு என்று திரை சொல்லிவிடும். எந்த வரியில், என்ன நினைத்துக்கொண்டு தப்பினாள் என்று கண்டுபிடிக்க, அவளுடைய நோட்டுப் புத்தகத்தை ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டும்!

2020 மார்ச்சில் கொரோனாவினால் கல்லூரிகளை மூடியபோது இந்த எட்டிப் பார்த்தல்தான் முதலில் போயிற்று. மலையில் அலைவரிசை கிடைக்காத தொல்லை வேறு.

விரிவுரையை மட்டும் கேட்கும் முறைக்கும், வகுப்பிலேயே மாணாக்கர் தாமே கணக்கைப் போட்டு விவாதிக்கும் முறைக்கும் உள்ள பேதத்தை அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். விஞ்ஞானம், பொறியியல், கணிதம் பற்றிய 225 ஆராய்ச்சிகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, முதல் முறையில் நூற்றுக்குச் சுமார் 34 பேரும், இரண்டாவதில் சுமார் 22 பேரும் தோற்றிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் நம் மலைச்சரிவுப் பெண்ணும் ஒருத்தியாக இருக்கலாம் அல்லவா?

ஆகவே விரிவுரை வேண்டுமானால் திரைக்குப் போகட்டும். பட்டணத்தில் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் மலையிலும் கேட்கலாம். வகுப்பில் அறுபது பேர் என்றால், ஒரு மணிப் பயிற்சியில் தலைக்கு ஒரு நிமிஷந்தான் கிடைக்கும். நான்கு மணியையும் பயிற்சிக்கே விட்டால் நான்கு நிமிஷம்.

திரைப்பாடத்தைப் பார்க்காமலே வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் இருப்பார்களே என்று உபாத்தியாயர்கள் கவலைப்படலாம். இருக்கத்தான் செய்வார்கள், விரிவுரையில் தூங்கினவர்களும் அவர்களேதான். வகுப்புத் தொடங்கியதும் ஒரு சிறு கணக்கைக் கொடுத்தால், யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.