சித்திரைக் காலையும் சேனாநாயக்க சமுத்திரமும்

தை, மாசியில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் இறப்பர் மரங்கள் பங்குனி பிறக்குமுன்னரே செப்பு நிறத் தளிர்களை விட்டுப் புதுக்கோலம் பூணுகின்றன. மொனராகலையில் வாழும் நமக்கு இளவேனிலின் வருகையை முதலில் அறிவிப்பவை அவையே. இரண்டாவது அறிவிப்பு மாரகலை மலையின் உச்சியிலிருந்து வரும். காலையில் துடைத்து வைத்தாற்போல் தெளிந்திருக்கும் வானத்தில், நண்பகல் கழிந்ததும் பஞ்சுப் பொதி போன்ற வெண்முகில்கள் திரளும். இரண்டு மணிக்கு அவை கறுக்கும். மூன்று மணிக்கு இடி முழங்கும். ஐந்து மணிக்கு ஒன்றும் நிகழாதது போல வானம் வெளுத்துவிடும். பங்குனி, சித்திரை ஆகிய இரு மாதங்களிலும் இது ஏறக்குறைய நாள்தோறும் நடக்கும் நாடகம்.

வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நாடகந்தான். ஆனால் புத்தாண்டு விடுமுறைக்குக் குழந்தை குட்டிகளோடு இங்கினியாகலைக்குச் சென்று, சேனாநாயக்க சமுத்திரத்தில் படகேற விரும்பும் குடும்பத்தினருக்கு இந்தக் கால அட்டவணை உயிர்க்காப்பான செய்தியாகும். அதனைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன்.

மலையில் பிறந்த சமுத்திரம்

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து வடகிழக்காக ஓடும் ஆற்றைச் சிங்கள மக்கள் கல் ஓயா என்பர்; கீழ்க்கரைத் தமிழர் அதனைப் பட்டிப்பளை ஆறு என்று வழங்கினர். கல்முனைக்குத் தெற்கே கடலை அடையும் இவ்வாற்றை இங்கினியாகலையில், இரு குன்றுகளுக்கிடையே, அணைகட்டித் தடுக்கும் வேலை 1949 ஆம் ஆண்டில் தொடங்கியது. மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அணையைக் கட்டிற்று. இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க அவர்களின் பெயரால் அந்த நீர்த்தேக்கம் வழங்கலாயிற்று.

சமுத்திரம் என்ற பெயர் மிகையன்று. நிறைந்த காலத்தில் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 30 சதுர மைல். கொள்ளளவோ 770,000 ஏக்கர் அடி. அதாவது 770,000 ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கக்கூடிய தண்ணீர். மகாவலி அணைகள் எழுந்த பின்னரும் நாட்டின் பெரிய நீர்த்தேக்கங்களில் முதன்மையாக எண்ணப்படுவது இதுவே. இதன் நீரேந்து பிரதேசத்தைக் காக்கும் பொருட்டு 1954 இல் கல் ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. மேற்கே பிபிலைப் பக்கம் நில்கலை வரை பரந்து கிடக்கும் அக்காடுகளில் கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் இயற்கையாகவே வளர்கின்றன. திரிபலைச் சூரணத்துக்கு வேண்டியதை ஒரே காட்டில் பொறுக்கிக்கொள்ளலாம்!

நீரில் அமிழ்ந்த குன்றுகளின் உச்சிகள் இன்று தீவுகளாக நிற்கின்றன. யானைகள் கரையிலிருந்து தீவுக்கும், தீவிலிருந்து தீவுக்கும் நீந்திச் செல்வதைப் படகிலிருந்தபடியே காணலாம். உடல் முழுவதும் நீருள் மறைய, துதிக்கை மட்டும் மேலே வளைந்து நிற்க, தாயின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு குட்டியும் நீந்தி வரும் அக்காட்சியை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார்.

மூன்று காற்றுகள்

இந்தச் சமுத்திரத்தின் ஆண்டினை மூன்று காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. மார்கழி, தை மாதங்களில் வீசும் வாடை மழையைக் கொண்டுவரும். மலைச்சாரலில் பெய்தது எல்லாம் வந்து சேர, மாசியளவில் நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும். வைகாசிக்குப் பின் வீசுவது கச்சான். நாம் வறுத்துத் தின்னும் கச்சானன்று; தென்மேற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கிவரும் காற்று. மேற்குச் சாரலில் தன் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, இப்புறம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருவதால், ஊவாவின் கீழ்ப்பகுதி முழுவதும் அக்காலத்தில் காய்ந்துபோகும். நண்பகலில் அது பலமாக வீசும்போது நீர்த்தேக்கத்தில் வெள்ளை நுரை தலைகாட்டும். சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடப்படுவதால் நீர்மட்டமும் நாளுக்கு நாள் இறங்கும். இறங்கிய கரையில் பசும்புல் முளைக்க, யானைக் கூட்டங்கள் அதனை மேய வரும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் எந்தப் பருவக்காற்றுக்கும் ஆட்சியில்லை. வாடை ஓய்ந்துவிட்டது, கச்சான் இன்னும் பிறக்கவில்லை. ஆதலால் விடியற்காலையில் நீர் கண்ணாடி போலிருக்கும். மலைகள் தலைகீழாகத் தெரியும். முதல்நாள் மாலை விரித்த வலையை மீனவர்கள் அமைதியாக இழுத்துக்கொண்டிருப்பர். நீரும் நிறைவு, காற்றும் அமைதி. படகுப் பயணத்துக்கு இதனினும் உகந்த வேளை ஏது?

வேளைதான் உகந்தது, நாள் முழுவதும் அன்று. ஏப்ரல் மாதத்தின் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகின்றது. நிலம் கொதிக்கிறது. சூடேறிய காற்று மேலெழுகிறது. நீர்த்தேக்கமும் காடும் அதற்கு ஈரத்தை வாரி வழங்குகின்றன. பருவக்காற்று வீசினால் அந்த முகில்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இப்பொழுதோ தள்ளுவாரில்லை. ஆகவே முகில் நின்ற இடத்திலேயே மலைபோல் வளர்கிறது. தன் பாரத்தைத் தாங்கமாட்டாத நிலையில் அது மழையைக் கொட்டும்போது, மேலேயிருந்த குளிர்ந்த காற்றும் உடன் இறங்கித் தரையில் மோதி நாற்புறமும் பாய்கின்றது. மழைத்துளி விழுமுன்னரே இக்காற்று பல மைல் முன்னே ஓடி வந்துவிடும். காலை அமைதியை ஈந்த அதே காரணம், காற்றின்மை, பிற்பகலில் புயலை வளர்க்கிறது.

என் பிழை

இவ்வளவும் நான் கல்லூரி மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் வரைந்து இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வரும் பாடம். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை விடுமுறையில் அதனை நானே மறந்தேன்.

பசறையிலிருந்து அக்காள் வந்திருந்தார். என் மனைவி, பிள்ளைகள் இருவர், அக்காள், நான் ஆக ஐவர் இங்கினியாகலைக்குப் புறப்பட்டோம். காலையில் எழுந்து கட்டுச்சோறு கட்டி, வழியில் சியம்பலாண்டுவையில் இறங்கி இளநீர் குடித்து, ஆற அமரச் சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்று. படகோட்டி ஐம்பது வயதுச் சிங்களவர். மேற்கே மலைப்பக்கம் பார்த்தவர், "சேர், வானம் சரியில்லை. நாளைக் காலையில் வாருங்கள்" என்றார். நாளை நாங்கள் வீடு திரும்பவேண்டும். "அரை மணி நேரந்தானே, முதலாவது தீவு வரை போய் யானையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்" என்று நான் வற்புறுத்தினேன். கேட்ட கூலிக்கு மேலே ஐந்நூறு ரூபா தருவதாகவும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்று, பிறகு கயிற்றை அவிழ்த்தார். மிதவை அங்கிகளை அணியச் சொன்னார். வெயிலில் புழுங்குகிறது என்று கூறி நான் என்னுடையதை மடித்து ஆசனத்தில் போட்டு அதன்மேல் அமர்ந்துகொண்டேன். தந்தை செய்ததைப் பிள்ளைகளும் செய்தனர்.

யானை இருந்தது உண்மை. அதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்திருந்த கால் மணி நேரத்தில் மலை மறைந்தது. வீசிக்கொண்டிருந்த சிறு காற்றும் நின்றது. பின்பு, குளிர்ந்த காற்றொன்று முகத்தில் அறைந்தாற்போல் வந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் கண்ணாடி போன்றிருந்த நீர் அலையாக எழும்பிப் படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. பெருங்கடலின் அலை நீண்டு தவழ்ந்து வரும். நீர்த்தேக்கத்தின் அலை குட்டையாய், செங்குத்தாய், ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிட இடமின்றி வருவது. போதாக்குறைக்கு அப்பகுதியில் பட்டமரங்கள். காடு அமிழ்ந்தபோது நின்றபடியே இறந்த அம்மரங்களுள் சில நீருக்கு மேலே எலும்புக்கூடு போல் தெரிகின்றன. பல, நீர் நிறைந்த காலத்தில் சாணளவு ஆழத்தில் மறைந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் எங்கள் மோட்டார் இடித்து நின்றுபோயிற்று.

படகோட்டி துடுப்பை எடுத்துப் படகின் தலையைக் காற்றுக்கு நேராகத் திருப்பினார். எங்களைப் படகின் அடியில் உட்காரச் சொன்னார். நனைந்த அங்கிகளை நடுங்கும் கைகளால் பிள்ளைகளுக்கு மாட்ட முயன்றேன். ஒரு முடிச்சுப் போடுவதற்குள் எத்தனை யுகம் கழிந்ததோ அறியேன். அக்காள் ஒரு சொல்லும் பேசாமல் சாப்பாட்டுப் பாத்திரத்தால் தண்ணீரை இறைத்தார். தீவின் மறைவில் படகு ஒதுங்கியபோது எதிர்க்கரையில் இடி விழுந்ததைக் கண்ணாற் கண்டோம். நான்கு மணிக்கு வானம் வெளுத்தது. கரையேறியதும் நான் நீட்டிய அதிகப்படி ஐந்நூறு ரூபாவைப் படகோட்டி வாங்கவில்லை. "எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சேர்" என்றார். அவ்வளவுதான்.

அவர் மீது குறைகூற ஒன்றுமில்லை. வானத்தை அறிந்தவர் சொன்னார். பணத்தை வைத்திருந்தவன் கேட்கவில்லை. நீரில் நேரும் விபத்துகள் பலவற்றின் பின்னே இத்தகைய ஒரு வற்புறுத்தல் மறைந்திருக்கும் என்றே அன்று முதல் நினைக்கிறேன்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

இளவேனிலில் படகேறுவோர் விடியலில் ஏறி, பதினொரு மணிக்குள் கரை சேர்ந்துவிடுதல் நலம். யானை மாலையில்தான் நன்றாகத் தெரியும் என்பார்கள். தெளிந்த மாலை வாய்த்தால் செல்லலாம், ஆனால் மலைப்பக்கம் முகில் கோபுரம் போல எழுந்திருந்தால் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். முதல்நாள் இரவு வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைக் கேளுங்கள். இடியுடன் கூடிய மழை என்ற சொற்களை வழக்கமான பல்லவி என்று தள்ளிவிடாதீர்கள்.

மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையேயுள்ள விநாடிகளை எண்ணப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். ஐந்து விநாடிக்கு ஒரு மைல் என்பது கணக்கு. முப்பது விநாடிக்குள் முழக்கம் கேட்டால் இடிமுகில் ஆறு மைலுக்குள் வந்துவிட்டது, நீரைவிட்டு வெளியேறவேண்டும். கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை திரும்பவும் படகேறலாகாது. பரந்த நீர்ப்பரப்பில் படகிலிருப்பவனே உயரமான பொருள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கரையேறிய பின்னும் தனிமரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். கட்டடத்தையோ மூடிய வாகனத்தையோ நாடுங்கள்.

மிதவை அங்கி கரையிலேயே அணிய வேண்டிய ஆடை. அலையெழுந்த பின் அதை அணிவது எளிதன்று என்பதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். தப்பித்தவறிப் படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முற்படாமல் படகையே பற்றிக்கொண்டிருங்கள். கண்ணுக்கு அருகில் தெரியும் கரை கைக்கு வெகு தூரம். அளவுக்கு மேல் ஆளேற்றிய படகில் ஏறாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படகோட்டி வேண்டாம் என்றால் அந்தச் சொல்லோடு பேச்சை முடித்துவிடுங்கள். அவரை மறுபேச்சுப் பேசத் தூண்டுவது நம் ஐவரின் உயிரோடு அவருடையதையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும்.

அடுத்த ஆண்டும் நாங்கள் சென்றோம். இம்முறை முதல்நாளே போய்த் தங்கி, காலை ஆறு மணிக்கு அதே படகோட்டியின் படகில் ஏறினோம். அங்கிகளை முதலில் அணிந்தவர் அக்காள். மூடுபனி விலக விலகத் தீவுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. தாயானையொன்று குட்டியோடு நீந்திக் கடந்தது. எங்கள் பிள்ளைகள் மூச்சையடக்கிப் பார்த்திருந்தனர். பத்து மணிக்குக் கரைக்கு வந்துவிட்டோம். பிற்பகலில் விடுதித் திண்ணையிலிருந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் மலைப்பக்கம் முகில் கறுத்து, இடி முழங்கி, சமுத்திரம் முழுவதும் மழையில் மறைந்தது. சின்னவள் விரல் மடக்கி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.